பழனியின் தொப்பி: ஒரு திருத்தம்

சில வருடங்களுக்கு முன்னால் மிருதங்கம் பற்றி இங்கே ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். "பழனி சுப்பிரமணிய பிள்ளையின் தொப்பி நாதத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதெல்லாம் கொஞ்சம் மிகை. பதிவுகளில் அப்படி எதுவும் தெரியவில்லை" என்று அதில் ஒரு வரி. அந்த வரி தப்பு. தப்பு அவருடைய வாசிப்பில் இல்லை, கேட்ட பெரியவர்களிடமும் இல்லை, என்னிடம்தான். எப்படி என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

நல்ல ஹெட்போன், நல்ல ஸ்பீக்கர் வாங்கினால் கர்நாடக சங்கீதம் இன்னும் நன்றாக ரசிக்க முடியுமா என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அதற்கான பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் ஆளைப் பற்றி. பழனி சுப்பிரமணிய பிள்ளை 1908-ல் பிறந்தவர், 1962-ல் காலமானார். தந்தை பழனி முத்தையா பிள்ளை, புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் சீடர். அதாவது புதுக்கோட்டை வழி. சுப்பிரமணிய பிள்ளைக்கு இடது கைப் பழக்கம். மேடையில் இது பெரிய சிக்கல். வழக்கமாகப் பாடகரின் வலது பக்கம் மிருதங்கம், இடது பக்கம் வயலின். அப்படி உட்கார்ந்தால்தான் மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்த்து இருக்கும். இடது கைக்காரர் வாசித்தால் இடம் மாற வேண்டும், வயலின்காரரும் மாற வேண்டும். எத்தனை பேர் ஒத்துக்கொள்வார்கள்? செம்பை வைத்தியநாத பாகவதர் போன்ற ஒருவர் விடாப்பிடியாக அவரைக் கூட வைத்துக்கொண்டதால்தான் அவர் மேலே வந்தார். பாலக்காடு மணி ஐயரோடு சேர்த்துப் பேசப்படும் இடத்தில் பின்னால் வைக்கப்பட்டவர் அவர். அவருடைய சீடர் திருச்சி சங்கரன் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் மிருதங்கம் சொல்லிக்கொடுத்தார். லலிதா ராம் 'துருவ நட்சத்திரம்' என்று பழனியின் வாழ்க்கையைத் தமிழில் ஒரு முழுப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார்.

பழனியைக் கேட்டவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது தொப்பி. மிருதங்கத்தின் பெரிய முகம் அது. கச்சேரிக்கு முன்னால் ரவையைப் பிசைந்து அப்புவார்களே, அந்தப் பக்கம். மற்றவர்களுக்கு இடது கை வாசிக்கும் இடம், பழனிக்கு வலது கை. தட்டிய பிறகு மணிக்கட்டை அழுத்தி நாதத்தை மேலே இழுப்பதற்குப் பெயர் கும்கி. புறா குமுறுவது மாதிரி வரும். பழனியின் கும்கியில் பாட்டுக்குத் தனி அழகு வந்துவிடும் என்பார்கள்.

இதை எனக்குச் சொன்னவர் கொடைக்கானலில் இருக்கும் என் தாய்மாமா. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பையனாக இருந்தபோது ஒரு கல்யாணக் கச்சேரியில் பழனியை நேரில் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்து என் சொந்தத்தில் பழனியை நேரில் கேட்டவர்களில் இப்போது உயிரோடு இருப்பவர் அவர் மட்டும்தான்.

1980களில் திருச்சி வானொலியில் பழைய கச்சேரிப் பதிவுகள் ஒலிபரப்பாகும்போது மாமா டூ-இன்-ஒன்னில் கேசட்டில் பிடித்துவைப்பார். அப்படிச் சேர்ந்தவை 19 கேசட்டுகள். பத்து வருடங்களுக்கு முன்னால் "நான் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தரேன் மாமா" என்று பெருமையாகச் சொல்லி அதில் 11 கேசட்டுகளைக் கீழே கொண்டுவந்தேன். ஏற்றினேன். கொடைக்கானல் ஈரத்தில் கேசட்டெல்லாம் வெள்ளைப் பூசணம் பிடித்திருந்தது. வேலை முடிந்ததும், "இனி எதுக்கு இது" என்று தூக்கிப் போட்டுவிட்டேன். பிறகு அந்தக் கோப்புகளைக் கேட்டுவிட்டுத்தான் 'பதிவுகளில் தெரியவில்லை' என்று எழுதினேன்.

போன மாதம் மீதி 8 கேசட்டுகளை எடுத்துவரப் போயிருந்தேன். அதற்குள் போகும் முன் ஒலிப்பதிவின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

இந்தியாவில் வணிக ரீதியான இசைத்தட்டுப் பதிவு 1902-ல் கல்கத்தாவில் தொடங்கியது. கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கைஸ்பெர்க், கௌஹர் ஜானைப் பதிவு செய்த கதை எல்லோரும் அறிந்ததே. அப்போது மைக் கிடையாது. ஒரு கொம்புக் குழாய்க்குள் கத்திப் பாட வேண்டும். குரலின் அழுத்தமே ஊசியை அசைத்து மெழுகில் கோடு போடும். இந்த முறையில் பதிவானது ஏறக்குறைய 250 ஹெர்ட்ஸ் முதல் 2500 ஹெர்ட்ஸ் வரை. நல்ல காதுள்ள மனிதனுக்குக் கேட்பது 20 முதல் 20,000 வரை. ஆக, கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை. நடு மட்டும்.

தொப்பியின் அடிநாதம் இருப்பது 100 ஹெர்ட்ஸை ஒட்டி, பெரும்பாலும் அதற்கும் கீழே. கொம்புக் குழாயில் அது விழவே விழாது. தம்புராவின் இனிமை இருப்பது மேலே, ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் அடுக்கடுக்காக வரும் ஸ்வரங்களில். அதுவும் விழாது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம், அதற்குள் ஆலாபனை முதல் மங்களம் வரை. மீதி எல்லாவற்றையும் கேட்பவரே மனதுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுக்கொண்டார்கள், அதுதான் ஆச்சரியம்.

1925-ல் மைக்கும் மின்சாரப் பதிவும் வந்தன. தம்புராவும் மிருதங்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுக்குள் வந்தது அதற்குப் பிறகுதான். அப்போதும் தாழ்ந்த நாதத்தைக் குறைத்தே வெட்டினார்கள். தாழ்ந்த நாதத்துக்கு ஊசி அகலமாக ஆட வேண்டும், அகலமாக ஆடினால் பக்கத்துக் கோட்டில் இடித்துவிடும். அதனால் பதியும்போது குறைத்து, இசைக்கும்போது கூட்டிக்கொள்வது என்று ஏற்பாடு. கூட்டிக் காட்டுகிற கருவி வீட்டில் இல்லாவிட்டால், போச்சு.

இந்தத் தாழ்ந்த நாதம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். தாளத்துக்குத் தட்டினால் போதாதா? போதாது. உலகத்தின் பெரும்பாலான தோல் வாத்தியங்களுக்குச் சுருதி கிடையாது, வெறும் சத்தம்தான். மிருதங்கம் அப்படியல்ல என்று 1920-ல் 'நேச்சர்' இதழில் எழுதியவர் சி.வி. ராமன். 1934-ல் அதை விரிவாகவும் எழுதினார். வலந்தலை நடுவில் வைக்கும் கருப்பு சோறும் தோல் அடுக்குகளும் சேர்ந்து, தோலின் அதிர்வுகளை 1, 2, 3, 4, 5 என்ற முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவந்துவிடுகின்றன என்று காட்டினார். அதாவது மிருதங்கம் தந்தி வாத்தியம் மாதிரி சுருதியோடு பேசுகிறது. வலந்தலை பாடகரின் ஷட்ஜத்தில் நிற்கும், தொப்பி அதற்குக் கீழே ஆதாரம் கொடுக்கும். அந்த ஆதாரத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது 'டக் டக்'. என் பழைய கோப்புகளில் இருந்தது அதுதான்.

இதைக் கலைஞர்களே உணர்ந்திருந்தார்கள். பாலக்காடு மணி ஐயர் பிற்காலத்தில் மைக் வைத்துக் கச்சேரி செய்வதையே எதிர்த்தார். மைக் இல்லாத கச்சேரிகளை வற்புறுத்தினார். பிடிவாதம் என்று பலர் நினைத்தார்கள். அன்றைய ஒலிபெருக்கிகளை நினைத்துப் பார்த்தால் எனக்கு அது பிடிவாதமாகத் தெரியவில்லை. தன் வாசிப்பில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைச் சபைக்கு அனுப்புகிற ஒரு பெட்டியை யார்தான் விரும்புவார்கள்?

அடுத்து ரேடியோ. சென்னை வானொலி நிலையம் 1938-ல், திருச்சி 1939-ல். எங்கள் பக்கத்து மக்களுக்குத் திருச்சிதான். 1952-ல் சனிக்கிழமை இரவு தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கியது. மத்திய அலையில் மேல்பக்கம் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. ஆனால் கீழ்ப்பக்கம் மோசமில்லை. அந்தக் காலத்து வால்வு ரேடியோ ஒரு சின்ன மர அலமாரி அளவு இருக்கும். உள்ளே ஆறு, எட்டு அங்குல ஸ்பீக்கர். தொப்பி முழுசாக வராவிட்டாலும் 'கும்' என்று ஒரு உருவம் வந்துவிடும்.

1960களில் டிரான்சிஸ்டர் வந்தது. கரண்ட் இல்லாத ஊருக்கும், எஸ்டேட் லயத்துக்கும் இசை போய்ச் சேர்ந்தது. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கைக்கு அடக்கமான அந்தப் பெட்டியின் மூன்று அங்குல ஸ்பீக்கர் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஊமை. ஆக, மிருதங்கத்தைப் பொறுத்தவரை புதுக் கருவி பழையதைவிட மோசம். தொழில்நுட்பம் எப்போதும் முன்னால்தான் போகும் என்று நினைக்கிற என் போன்ற கம்ப்யூட்டர்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இன்றைக்குச் செல்போன் ஸ்பீக்கரில் கச்சேரி கேட்பவர்கள் 1960-க்கு அல்ல, தொப்பி விஷயத்தில் கொம்புக் குழாய்க் காலத்துக்கே போய்விட்டார்கள்.

அப்புறம் எங்கள் தலைமுறையின் பண்பலை. கோடை பண்பலை, 100.5. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பண்பலை நேர்க்கோட்டில் போகும். கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம். உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் கிடைக்கும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். வர்க்கமூலம் ஏறக்குறைய 46. பெருக்கினால் 190 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைய. மலையே கோபுரம் ஆகிவிட்டது! வேடிக்கை என்னவென்றால் அந்த மலைக்குள்ளேயே சரியாக எடுக்காது. பழனியிலிருந்து சவரிக்காடு, வடகவுஞ்சி, பெருமாள்மலை வழியாகப் பஸ்ஸில் ஏறும்போது ஒரு வளைவில் பாடும், அடுத்த வளைவில் கரகரக்கும். மலை மறைக்கிறது.

பண்பலையில் 15,000 ஹெர்ட்ஸ் வரை வரும். காலேஜில் படிக்கும்போது ஹாஸ்டல் நண்பனின் பெரிய செட்டில் கோடை பண்பலை வழியாக 'சிங்கார வேலனே தேவா' கேட்டது நினைவிருக்கிறது. 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' பாட்டு, காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம். நூறு தடவை கேட்ட பாட்டுதான். ஆனால் அன்றைக்குத்தான் நாதஸ்வரத்தின் மேல் ஸ்தாயியில் ஒரு மினுமினுப்பு இருப்பதே தெரிந்தது. பழனிக் கோயில் பிரகாரத்தில் நேரில் கேட்டபோது இருந்த மினுமினுப்பு. கருவிப் பைத்தியம் எனக்குப் பிடித்தது அங்கேதான்.

வேலைக்குப் போனதும் அது முற்றியது. ஹெட்போன், ஆம்ப்ளிஃபையர், டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் டப்பா என்று மாதச் சம்பளம் கரைந்தது. ஒரு நாள் மனைவி கேட்டாள்: "இந்த டப்பாவுக்கும் பழைய டப்பாவுக்கும் கண்ணை மூடிக்கிட்டு வித்தியாசம் சொல்வீங்களா?" சரி என்று உட்கார்ந்தேன். எனக்குத் தெரியாமல் காசைச் சுண்டிப்போட்டு வயரை மாற்றி மாற்றி 20 தடவை போட்டாள். 11 சரி, 9 தப்பு. காசையே கேட்டிருந்தாலும் அந்த அளவுக்குச் சொல்லியிருக்கும். ஆனால் செல்போன் ஸ்பீக்கரையும் அலமாரி ஸ்பீக்கரையும் மாற்றிப் போட்டபோது 20-க்கு 20. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கருவி முக்கியமே இல்லை என்பதும் பொய், விலை ஏற ஏற இசை ஏறும் என்பதும் பொய். இசையின் உயிர் இருக்கும் பகுதியைக் கருவி விழுங்காமல் விட்டால் போதும். அதற்கு மேல் கொடுக்கிற காசு பெரும்பாலும் நம் திருப்திக்கு.

இப்போது கொடைக்கானல். மாமா வீட்டு முன்னறையில் அந்தப் பழைய வால்வு ரேடியோ இன்னும் இருக்கிறது. வால்வு போய்ப் பல வருடம் ஆகிறது, இப்போது அதன் மேல் சாமி படம். பேச்சுவாக்கில், "கேசட்டெல்லாம் டூ-இன்-ஒன்லதானே கேப்பீங்க?" என்றேன்.

"அதுல எவன் கேப்பான்? தகர டப்பா. இதுல ஒயர் மாட்டிக் கேப்பேன்."

ரேடியோவைத் திருப்பிக் காட்டினார். பின்னால் கிராமபோன் மாட்டுவதற்கு இரண்டு துளை. பழைய வால்வு செட்டுகளில் இது உண்டு. டூ-இன்-ஒன்னின் இயர்போன் துளையிலிருந்து அதற்கு ஒரு வயர் இழுத்து, கேசட்டை அந்தப் பெரிய மரப்பெட்டி வழியாகக் கேட்டிருக்கிறார். எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. நான் பிள்ளையாக இருந்தபோது அந்த டூ-இன்-ஒன்னின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டதும், மாமா ராத்திரி தனியாக மரப்பெட்டியில் கேட்டதும் ஒரே கேசட். ஆனால் வேறு வேறு கச்சேரி.

வீட்டுக்கு வந்து மீதி 8 கேசட்டுகளை ஒழுங்காக ஏற்றினேன். பூசணத்தைத் துடைத்து, டெக்கின் ஹெட் சாய்வை ஒவ்வொரு கேசட்டுக்கும் சரிசெய்து, எந்த வடிகட்டியும் இல்லாமல். மதுரை மணி ஐயர் பாட, பழனி வாசிக்கும் ஒரு கேசட்டின் அதிர்வெண் படத்தைத் திரையில் விரித்தேன். 50 ஹெர்ட்ஸில் ஒரு நேர்க்கோடு, 100-ல் இன்னொரு நேர்க்கோடு. கரண்ட் உறுமல். அவற்றுக்கு நடுவே, கீழிருந்து மேலே வளைந்து வளைந்து ஏறும் சின்னச் சின்னக் கோடுகள். கும்கி. பழனியின் வலது மணிக்கட்டு அழுத்துவது அப்படியே படமாகத் தெரிகிறது.

அப்போதுதான் பத்து வருடம் முன்னால் என்ன செய்தேன் என்பது உறைத்தது. பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். உறுமல் தொந்தரவாக இருக்கிறது என்று 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே மொத்தமாக வெட்டியிருக்கிறேன். தொப்பி போச்சு. 'ஸ்ஸ்' சத்தம் போக ஒரு இரைச்சல் நீக்கி. மென்பொருளுக்குத் தம்புராவும் இடைவிடாத இரைச்சல்தானே, அதையும் சுரண்டி எடுத்துவிட்டது. இடம் மிச்சம் பிடிக்க 64 கிலோபிட் எம்.பி.3. திருச்சி ஒலிபரப்பும், டூ-இன்-ஒன்னும், முப்பது வருடக் கொடைக்கானல் ஈரமும் அழிக்காமல் விட்டதை நான் ஒரு சாயங்காலத்தில் அழித்தேன். அழித்துவிட்டு, "பதிவுகளில் தெரியவில்லை" என்று தீர்ப்பும் எழுதினேன். மூலத்தைக் குப்பையில் போட்டதால் மேல்முறையீட்டுக்கும் வழியில்லை.

அன்றைக்கு என்னிடம் இருந்த ஹெட்போன் இன்றைக்கு இருப்பதைவிட விலை அதிகம். அதனால் ஒரு பயனும் இல்லை. காதுக்குப் பக்கத்தில் இருக்கும் கருவிக்கு நாம் செலவழிக்கிறோம். சேதம் நடப்பது சங்கிலியின் முன்பகுதியில். பதிவில், பிரதியில், ஏற்றுவதில். அங்கே போனது பின்னால் எந்த விலைக்கும் திரும்பாது.

இரண்டு வாரம் கழித்து லேப்டாப்பையும் ஒரு ஜோடி அலமாரி ஸ்பீக்கரையும் எடுத்துக்கொண்டு மறுபடி மலை ஏறினேன். முதலில் ஹெட்போன் மாட்டிவிட்டேன். மாமா அரை நிமிடத்தில் கழற்றிவிட்டார். "காதுக்குள்ள யாரோ பேசுற மாதிரி இருக்கு மாப்ள. வெளிய போடு." ஸ்பீக்கரைப் பலகைத் தரையில் வைத்துப் போட்டேன். வயதானால் காதில் முதலில் போவது மேல் நாதம். தம்புரா அவருக்குக் கேட்கவில்லை, மணி ஐயரின் குரலே பாதிதான் போய்ச் சேர்ந்தது என்று நினைக்கிறேன். ஆனால் கீழ் நாதம் கடைசி வரை நிற்கும். தனி ஆவர்த்தனத்தில் முதல் கும்கி வந்ததும் தலை நிமிர்ந்தது.

"வருது."

தனி முடியும் வரை பேசவில்லை. பிறகு, "அந்தத் தோடி இருக்குற கேசட்ல இன்னும் நல்லா வாசிச்சிருப்பாரு. அதைப் போடு" என்றார். அது குப்பைக்குப் போன பதினொன்றில் ஒன்று. சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி விடு, இதையே இன்னொரு தடவை போடு" என்றார்.

ஆகவே திருத்தம்: பழனி சுப்பிரமணிய பிள்ளையின் தொப்பி பற்றிப் பெரியவர்கள் சொன்னது மிகை இல்லை. பழைய குறிப்பில் அந்த வரியை அடித்துவிட்டு, இந்தக் கட்டுரைக்கு வழி காட்டியிருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கச்சேரிக் கேசட்டுகள் இருந்தால் மூன்றே வேண்டுகோள். வடிகட்டாமல் ஏற்றுங்கள். சுருக்காமல் சேமியுங்கள். ஏற்றி முடித்த பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். உறுமலை நீக்க வேண்டுமென்றால் 50-லும் 100-லும் மெல்லிய கோடாக மட்டும் நீக்கலாம், அதையும் பிரதியில் செய்யுங்கள். எண்பதுகளில் திருச்சி வானொலியில் பழனி வாசித்த கச்சேரிகளை நீங்களோ உங்கள் வீட்டுப் பெரியவர்களோ பிடித்துவைத்திருந்தால் சொல்லுங்கள். அந்தத் தோடி யாரிடமாவது இருக்கும். டெக்கையும் வயரையும் எடுத்துக்கொண்டு எந்த ஊராக இருந்தாலும் நானே வருகிறேன். சீக்கிரம் கிடைத்தால் நல்லது. மாமாவுக்கு வயதாகிறது.